எம்.எல்.ஏ. ஆவது முதல் ‘முன்னாள்’ ஆவது வரை: வாசகர் கேள்வி – பதில்

சட்டமன்ற உறுப்பினர் பதவி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தோம். அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. வேட்புமனு எதனால் தள்ளுபடி ஆகும், பதவி எதனால் பறிபோகும் என்று கேட்டவர்களுக்கு நிறையவே இருக்கிறது.

அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன். பணம் எவ்வளவு கட்ட வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும்? — வாசகர், ஈரோடு

பணம் பெரிய விஷயமில்லை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 5,000. 1996 வரை இது வெறும் 250 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டு உங்கள் பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை ஊருக்கு உணர்த்தக் கூட்டங்கூட்டமாக மனு போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடிக்க வேண்டிய நிலை வந்து, தேர்தல் தள்ளிப்போனது. அதன் பிறகுதான் டெபாசிட் 5,000 ஆனது, சுயேச்சையை 10 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. 2010-ல் டெபாசிட் 10,000 ஆயிற்று.

உங்களுக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், வேறு தொகுதியிலும் நிற்கலாம். அப்படி நின்றால் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் சான்றிட்ட நகலை மனுவோடு வைக்க வேண்டும். ஆனால் முன்மொழிபவர்கள் 10 பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். சுயேச்சைகளின் மனு பெரும்பாலும் விழுவது இங்கேதான். தெருவுக்கு எதிர்ப்புறம் அடுத்த தொகுதியாக இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பாகம் எண், வரிசை எண்ணில் சின்னப் பிழை என்றால் தேர்தல் அலுவலர் திருத்தச் சொல்லலாம், அதற்காகத் தள்ளக் கூடாது. ஆளே ஒருவர் குறைந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது நினைவிருக்கும். முன்மொழிந்தவர்களில் இருவர் ‘அது எங்கள் கையெழுத்து இல்லை’ என்றார்கள். பத்து எட்டாகிவிட்டது, அவ்வளவுதான். இதற்குச் சட்டத்திலேயே ஒரு காப்பு இருக்கிறது. ஒருவர் ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும். நான்குக்கும் வெவ்வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மனு விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

அடுத்தது படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, கல்வி, வருமான வரிக் கணக்கு எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம். உங்களுடையது மட்டுமல்ல, மனைவி அல்லது கணவர், உங்களைச் சார்ந்திருப்பவர்கள் விவரமும் வேண்டும். ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். நகை இல்லையென்றால் ‘இல்லை’, கேள்வியே உங்களுக்குரியது அல்ல என்றால் ‘பொருந்தாது’. கோடு போடுவதும் காலியாக விடுவதும் ஒன்றுதான். காலியிடம் இருந்தால் அலுவலர் குறிப்பாணை கொடுப்பார். மனுக்களைச் சரிபார்க்கும் பரிசீலனை தொடங்குவதற்குள் புதிய பத்திரம் தராவிட்டால் மனு தள்ளுபடி. உள்ளே எழுதியது பொய் என்று எதிராளி கூச்சல் போட்டால் அதற்காக அலுவலர் உங்கள் மனுவைத் தள்ள மாட்டார். பொய்க்குத் தனி வழக்கு, 6 மாதம் வரை சிறை.

இந்தப் பத்திரத்தையும் உறுதிமொழியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று வாயால் சொல்லிக் கையெழுத்திடும் உறுதிமொழி தனி. மனுவைக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். பரிசீலனையன்று காலையில் வந்து ‘இப்போது எடுக்கிறேன்’ என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். மனு கொடுத்த கையோடு அதே மேசையில் முடித்துவிட்டுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறையில் இருப்பவருக்குச் சிறைக் கண்காணிப்பாளரும், மருத்துவமனையில் இருப்பவருக்கு அதன் மருத்துவக் கண்காணிப்பாளரும், வெளிநாட்டில் இருப்பவருக்கு நம் தூதரக அதிகாரியும் இதைச் செய்துவைக்கலாம். 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். களத்தில் கால் வைக்காமலும் வேட்பாளர் ஆகலாம்.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பே தொடங்க வேண்டும். அதில் உங்கள் தேர்தல் முகவர் பெயரைச் சேர்க்கலாம், மனைவி பெயரைச் சேர்க்கக் கூடாது.

டெபாசிட் காப்பாற்ற எத்தனை ஓட்டு வேண்டும்? — வாசகி, கும்பகோணம்

செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். 1,80,000 செல்லத்தக்க ஓட்டுகள் என்றால் 30,000 போதாது, 30,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

ஒருவர் எத்தனை தொகுதியில் நிற்கலாம்? — வாசகர், பர்கூர்

இரண்டு. இரண்டிலும் வென்றால் ஒன்றை விட வேண்டும். உங்கள் ஊருக்கே தெரிந்த கதை: 1991-ல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். அப்போது எத்தனை தொகுதி என்று வரம்பே கிடையாது. 1996-ல்தான் இரண்டு என்று வந்தது. 2001-ல் அவர் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கில் மனு போட, நான்கும் தள்ளுபடியாயின. வழக்கில் பெற்ற தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேல் போட்டது இன்னொரு காரணம். அப்படியும் முதல்வராகப் பதவியேற்றார். எம்.எல்.ஏ. அல்லாதவர் 6 மாதம் அமைச்சராக இருக்கலாம் என்பதே அவர் தரப்பு வாதம். தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் ஒப்பந்ததாரர். கட்சியில் சீட் கிடைக்கும்போல் இருக்கிறது. தொழிலை விட வேண்டுமா? — வாசகர், நாமக்கல்

தொழிலை விட வேண்டாம். மாநில அரசோடு நடப்பில் ஒப்பந்தம் இருக்கக் கூடாது, அதுதான் விதி. அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசு வேலையைச் செய்யவோ உங்கள் பெயரில் முடியாத ஒப்பந்தம் ஒன்று இருந்தாலும் மனு விழும். பரிசீலனையில் எதிர் வேட்பாளரின் வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். வேலையை முழுக்க முடித்துவிட்டீர்கள், பில் மட்டும் பாஸாகவில்லை என்றால் கவலை வேண்டாம். அரசு பாக்கி வைத்திருப்பதால் ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. பணி நிறைவுச் சான்றும், பராமரிப்புக் காலம் இருந்தால் அது முடிந்ததற்கான கடிதமும் கையில் இருக்கட்டும். ஐந்து ஆண்டு பராமரிப்போடு சேர்ந்த சாலை ஒப்பந்தங்களில் ‘வேலை முடிந்தது’ என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. மனு தாக்கலுக்கு முன்பே வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

மத்திய அரசு ஒப்பந்தம் சட்டமன்றத் தேர்தலுக்குத் தடையல்ல.

கட்சி வேட்பாளருக்கு ஏ, பி படிவம் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? — வாசகர், திருமங்கலம்

ஏ படிவம், இந்தத் தேர்தலில் சின்னம் ஒதுக்கக் கையெழுத்திடும் அதிகாரம் இன்னாருக்கு என்று கட்சித் தலைமை சொல்வது. பி படிவம், இன்ன தொகுதிக்கு இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று அந்த அதிகாரம் பெற்றவர் சொல்வது. இரண்டும் மனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அசலாகப் போய்ச்சேர வேண்டும். மையில் கையெழுத்து வேண்டும். ரப்பர் முத்திரை, நகல், மின்னஞ்சல் செல்லாது. தலைமையிடமிருந்து படிவம் வருவதற்குள் 3 மணி அடித்துவிட்டால் நேற்றுவரை கட்சி வேட்பாளராக இருந்தவர் சுயேச்சை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்குப் போதுமான ஒரே ஒரு முன்மொழிபவரோடு மனு போட்டிருந்தால் சுயேச்சையாகவும் நிற்க முடியாது, மனுவே போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சீட் உறுதியானாலும் பத்துப் பேர் முன்மொழிந்த மனு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் பக்கத்துத் தொகுதியிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2016 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே.போஸின் படிவங்களில், மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை வைக்கப்பட்டிருந்தது. தேர்தல் அலுவலர் ஏற்றார், போஸ் வென்றார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் சரவணன் வழக்குப் போட்டார். 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. அதற்குள் போஸ் இறந்து ஏழு மாதமாகிவிட்டது. ‘அப்படியானால் நான் வென்றதாக அறிவியுங்கள்’ என்ற சரவணனின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றார்.

சின்னக் கட்சித் தலைவர்கள் பெரிய கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயிக்கிறார்கள். சபையில் அவர்கள் எந்தக் கட்சி? — வாசகர், மணப்பாறை

சட்டத்தின் கண்ணில் சின்னம் கொடுத்த கட்சி. 2021-ல் தி.மு.க. 133 இடம் வென்றது என்று படிக்கிறோமே, அந்த 133-ல் அக்கட்சிக்காரர்கள் 125 பேர்தான். மீதி 8 பேர் உதயசூரியனில் நின்ற கூட்டணிக் கட்சியினர்: ம.தி.மு.க. 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. உங்கள் மணப்பாறையும் அதில் ஒன்று. 2016-ல் இரட்டை இலையில் வென்ற கருணாஸ், தனியரசு, தமிமுன் அன்சாரி மூவர் கதையும் இதேதான்.

பி படிவம் கொடுத்தது பெரிய கட்சி. ஆகவே சபையில் எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று அது பிறப்பிக்கும் கொறடா உத்தரவு இவர்களையும் கட்டும். தன் சொந்தக் கட்சியின் பொதுக்குழு எதிர்த்து ஓட்டுப் போடச் சொன்னாலும், போட்டால் பதவி போகலாம். சபையில் தனி வரிசை, கட்சி பெயரில் பேச நேரம் எல்லாம் சபாநாயகர் தரும் மரபுச் சலுகைகள்தான். சின்னக் கட்சிகள் இதைத் தெரிந்தேதான் ஏற்கின்றன. தனிச் சின்னம் கடைசி நேரத்தில் ஒதுக்கப்படும். இரண்டு வாரத்தில் அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். தெரிந்த சின்னம் என்றால் அந்த வேலை மிச்சம். விலை என்னவென்றால் ஐந்து ஆண்டுகளுக்கு வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

40 லட்சத்துக்குள் செலவு செய்து ஒருவர் எம்.எல்.ஏ. ஆக முடியுமா? — வாசகர், தாம்பரம்

முடியுமா என்பது வேறு, காட்ட வேண்டும் என்பது வேறு. 2021 தேர்தலில் வரம்பு 30.80 லட்சம், 2022 ஜனவரியில் 40 லட்சம் ஆனது. கணக்குப் புத்தகத்தில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரசார நாட்களில் மூன்று முறையாவது செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். உங்கள் செலவை அவர் தரப்பில் தனியாகக் குறித்துவரும் நிழல் பதிவேடு அவரிடம் இருக்கும்; நீங்கள் 200 நாற்காலி என்று எழுதியிருக்க அவருடைய வீடியோவில் 2,000 இருந்தால் வித்தியாசம் உங்கள் தலையில் ஏறும்.

அதிகம் சறுக்கும் இடம் நட்சத்திரப் பேச்சாளர் கூட்டம். தலைவர் வந்துபோகும் பயணச் செலவு கட்சியுடையது. ஆனால் அதே மேடையில் வேட்பாளர் ஏறி நின்றாலோ, அவர் பெயரும் படமும் பேனரில் இருந்தாலோ கூட்டச் செலவில் ஒரு பங்கு வேட்பாளர் கணக்கில் வரும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. முடிவு வந்த 30 நாளில் கணக்கைத் தர வேண்டும். தோற்றவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். பலன் 3 ஆண்டு வரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாமல் போவது.

சொற்ப ஓட்டில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்டு ஜெயிக்க முடியுமா? — வாசகர், வள்ளியூர்

உங்கள் ராதாபுரம் தொகுதியை வைத்தே சொல்லலாம். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் வென்றார், தோற்றவர் தி.மு.க.வின் அப்பாவு. 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களின் சான்றொப்பம் செல்லுமா என்பது சண்டை. உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் அப்படியே கழிந்தது. அப்பாவு 2021-ல் அங்கேயே வென்று சபாநாயகர் ஆனார்.

தேர்தல் வழக்கை 6 மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்று சட்டம் சொல்லத்தான் செய்கிறது. மனுதாரர் தரப்புக்கு ஒரு நாள்கூடச் சலுகை இல்லை: முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல், 2,000 ரூபாய் பிணைத்தொகை. 46-ஆம் நாள் வந்தால் காரணம் என்னவானாலும் கதவு மூடியிருக்கும். ‘அவர் வெற்றி செல்லாது’ என்று மட்டும் கேட்டால் வென்றவரை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதும். ‘நான் வென்றதாக அறிவியுங்கள்’ என்றும் கேட்டால் களத்தில் நின்ற அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும். 300 ஓட்டு வாங்கிய சுயேச்சை ஒருவரை விட்டுவிட்டாலும் மனு விசாரணைக்கு முன்பே தள்ளுபடி.

வழக்கைவிட முக்கியமானது எண்ணும் மேசை. மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் வெற்றியாளர் அறிவிக்கப்படும் முன்பே, காரணத்தோடு, எழுத்து மூலம் கேட்க வேண்டும். 2021-ல் தி.நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. அப்படிப்பட்ட இரவுகளில் மேசையை விட்டு டீ குடிக்கப் போகாத முகவர்தான் கட்சிக்குத் தேவை.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கேட்டோம். நிதி இருந்தும் எம்.எல்.ஏ. தரவில்லை. ஏன்? — வாசகர், உசிலம்பட்டி

அவர் நினைத்தாலும் தர முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 2019-20 முதல். அதில் ஒரு ரூபாயும் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். பொறியாளர் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு வேலை நடக்கும். தனியார் நிலத்திலும் வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் செலவழிக்க முடியாது. சம்பளம், பழுதுபார்ப்பு போன்ற திரும்பத் திரும்ப வரும் செலவுக்கும் இல்லை.

ரேஷன் கடை, அங்கன்வாடிக் கட்டடம், நிழற்குடை, சிமெண்ட் சாலை, மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர விளக்கு என்று கேளுங்கள். கேட்கும் முறையும் முக்கியம். கிராம சபை அல்லது ஊராட்சி மன்றத் தீர்மானத்தின் நகல், இடத்தின் சர்வே எண், நில வகைப்பாடு மூன்றையும் மனுவோடு இணைத்தால் பாதி வேலை முடிந்தது. ‘புறம்போக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். நத்தம் புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா என்று கேட்பார்கள்; ஓடை, குளம் என்றால் அங்கே கட்டடமே கிடையாது. நிதியாண்டின் கடைசி மாதத்தில் மனுவோடு வருபவர்களுக்கு ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்ற பதில்தான் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போங்கள்.

ஆளுங்கட்சியின் பின்வரிசை எம்.எல்.ஏ.வுக்குச் சபையில் என்ன வேலை? கை தட்டுவதா? சம்பளம் எவ்வளவு? — வாசகி, சிவகங்கை

மேசையைத் தட்டுவது! அது போக, கேள்வி நேரம் இருக்கிறது. அச்சடித்த கேள்விக்கு அமைச்சர் அச்சடித்த பதிலைப் படித்துவிடுவார். உறுப்பினரின் சாமர்த்தியம் துணைக் கேள்வியில். ‘பாலம் கட்ட அரசு முன்வருமா?’ என்று கேட்டால் ‘நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று வரும். ‘மதிப்பீடு தயாராகிவிட்டதா, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?’ என்று கேட்டால் மழுப்ப முடியாது. ‘இந்த நிதியாண்டில் கட்டித் தரப்படும்’ என்று அமைச்சர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பார்க்கவே உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. நல்ல உறுப்பினர்கள் நடவடிக்கைக் குறிப்பின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்துத்தான் துறைச் செயலாளருக்குக் கடிதம் எழுதுவார்கள்.

துறைகளுக்கான பணத்தை அரசு சபையிடம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். எதுவும் வெட்டப்படாது, பேச வழி கிடைக்கும். சட்டமன்ற விதி 110-ன் கீழ் முதல்வரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதம் இல்லை. பெரிய அறிவிப்புகள் அந்த வழியில் வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சம்பளத்தையும் கேட்டிருந்தீர்கள். 2017 ஜூலையில் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது. அதில் சம்பளம் என்ற தலைப்பில் 30,000தான். மற்றதெல்லாம் தொகுதிப் படி, வாகனப் படி, தொலைபேசிப் படி வகையறா.

அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட 11 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. கவர்னரிடம் கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது. இது என்ன சட்டம்? — வாசகர், ஆண்டிபட்டி

இந்த இதழுக்கு வந்ததில் சிறந்த கேள்வி இது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. பதவி போக இரண்டு வழி. கொறடா உத்தரவை மீறி ஓட்டளிப்பது அல்லது வராமல் இருப்பது ஒன்று. கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். ‘தானாகக் கட்சி உறுப்பினர் பொறுப்பைக் கைவிடுவது’ மற்றொன்று. இரண்டாவதற்குக் கட்சியிலிருந்து விலகல் கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. இரண்டையும் முடிவு செய்பவர் சபாநாயகர். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிராக 11. ஓ.பன்னீர்செல்வம் அணியின் ஓட்டுகள் அவை. ஆகஸ்ட் 21-ல் இரண்டு அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். மறுநாளே டி.டி.வி.தினகரன் ஆதரவாளர்கள் 19 பேர் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மற்ற 18 பேரைச் சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம் செய்தார். அவர்கள் சபையில் எதிர்த்து ஓட்டே போடவில்லை. உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் சபாநாயகர் முடிவு சரியே என்றார்.

11 பேர் மீதான புகார் என்ன ஆயிற்று? சபாநாயகர் முடிவெடுக்காமலே வைத்திருந்தார். எடுக்கச் சொல்லி உத்தரவிட முடியாது என்று உயர் நீதிமன்றம் 2018-ல் ஒதுங்கியது. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில்தான், இத்தகைய மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு சொன்னது. அதற்கு அடுத்த மாதம் 11 பேர் வழக்கும் சபாநாயகரிடமே விடப்பட்டு முடிந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதைக் கையில் எடுக்கும் வேகம்தான் வேறு.

மொத்தமாகப் போவதற்கு ஒரு வழி உண்டு: மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணைவது. 66 பேர் உள்ள கட்சியில் 44 பேர் வேண்டும். முன்பு மூன்றில் ஒரு பங்கு பிளந்தாலே போதும் என்றிருந்தது. 2003 திருத்தம் அதை எடுத்துவிட்டது.

சட்டத்தின் விளிம்பில் நடந்தவர்களும் உண்டு. 2011-ல் 29 இடம் வென்ற தே.மு.தி.க.வில் சிலர், ‘தொகுதி வளர்ச்சிக்காக’ முதல்வரைச் சந்தித்தோம் என்றார்கள்; கட்சியை விட்டு விலகியதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதவி நீடித்தது. 2016 பிப்ரவரியில், தேர்தல் வாசலில், 8 பேர் ராஜினாமா செய்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்துக்கு 234-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பதவி விலகியிருந்ததால் கணக்கு 20-க்கு இறங்கியது, விஜயகாந்த் அந்த நாற்காலியை இழந்தார்.

தகுதி நீக்கம் ஆனவர் இடைத்தேர்தலில் மறுபடி நிற்கலாம். 18 பேரில் பலர் 2019-ல் அ.ம.மு.க. சார்பில் நின்று தோற்றார்கள். அரவக்குறிச்சியில் பதவி இழந்த செந்தில்பாலாஜி தி.மு.க.வுக்குப் போய் அதே தொகுதியில் வென்றார். அப்போது தேர்தல் நடந்த 22 இடங்களில் அ.தி.மு.க. 9 வென்றது, ஆட்சி நின்றது.

மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தப்பாதா? — வாசகர், ஓசூர்

2013 ஜூலை வரை தப்பியது. தண்டனை பெற்ற எம்.எல்.ஏ. மூன்று மாதத்தில் மேல்முறையீடு செய்தால் பதவியில் நீடிக்கலாம் என்ற பிரிவை லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. இப்போது 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தீர்ப்பு நாளிலேயே இடம் காலி. சிறையிலிருந்து வந்த பிறகும் 6 ஆண்டு நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் அபராதம் மட்டும் விதித்தாலே போதும்.

2014 செப்டம்பர் 27-ல் ஜெயலலிதா ஸ்ரீரங்கத்தை இழந்தது இப்படித்தான். 2019 ஜனவரியில் உங்கள் ஓசூரில் அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டிக்கு 1998-ல் நடந்த கல்வீச்சு வழக்கில் 3 ஆண்டு விழுந்தது. இருபது ஆண்டு பழைய வழக்கு!

இங்கே வக்கீல்கள் கவனிப்பது ஒரு சொல்லை. தண்டனையை நிறுத்திவைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் பதவி வராது. ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்தால்தான் பதவி திரும்பும். பொன்முடிக்கு 2023 டிசம்பரில் 3 ஆண்டு தண்டனை. 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே நிறுத்திவைக்க, காலியானதாக அறிவிக்கப்பட்ட திருக்கோவிலூர் மீண்டும் அவருக்கே வந்தது.

எம்.எல்.ஏ. எம்.பி. ஆனால்? — வாசகர், நாங்குநேரி

14 நாளுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விட வேண்டும். விடாவிட்டால் போவது எம்.பி. பதவி. 2019-ல் கன்னியாகுமரியில் வென்ற வசந்தகுமார் உங்கள் தொகுதியை விட்டதால்தான் அக்டோபரில் நாங்குநேரிக்கு இடைத்தேர்தல் வந்தது.

கலைஞர் தோற்றதே இல்லை என்பது உண்மையா? — வாசகர், குளித்தலை

உண்மை. சட்டமன்றத்துக்கு 13 முறை நின்றார், 13-லும் வென்றார். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணா நகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். 1984-ல் நிற்கவில்லை. தொகுதிகளின் வரிசையைப் பாருங்கள்: ஒரே இடத்தில் வேர்விட்டு உட்கார்ந்தவர் அல்ல, காற்றின் திசை மாறுவதற்கு முன்பே இடம் மாறியவர். வென்ற இடத்தை இரண்டு முறை தானே விட்டார். 1983-ல் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகவும், கட்சி இரண்டே இடம் பெற்ற 1991-லும்.

ராஜினாமா கடிதம் எப்படி எழுத வேண்டும்? கட்சித் தலைவரிடம் கொடுத்தால் செல்லுமா? — வாசகர், மார்த்தாண்டம்

செல்லாது. சபாநாயகரின் பெயருக்கு, தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ‘கோரிக்கை நிறைவேறாவிட்டால் விலகுகிறேன்’ என்று நிபந்தனை வைத்தால் அது ராஜினாமா அல்ல, அறிக்கை. மிரட்டி வாங்கியதில்லை, உண்மையானதுதான் என்று சபாநாயகருக்குத் தோன்றினால் ஏற்பார். சந்தேகம் வந்தால் நேரில் அழைப்பார். ஏற்கும் வரை கடிதம் கொடுத்தவர் எம்.எல்.ஏ.தான்.

கட்சி மாறுபவர்கள் வரிசையைத் தவறவிடக் கூடாது: முதலில் சபாநாயகருக்குக் கடிதம், பிறகு புதுக் கட்சித் துண்டு. மாற்றிச் செய்தால் ராஜினாமாவுக்கு முன் தகுதி நீக்க மனு வந்து உட்காரும். உங்கள் விளவங்கோட்டில் விஜயதரணி 2024 பிப்ரவரி 24-ல் பா.ஜ.க.வில் சேர்ந்த அன்றே கடிதமும் அனுப்பினார், மறுநாள் ஏற்கப்பட்டது. ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லாமல், ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே விளவங்கோட்டுக்கும் ஓட்டுப்பதிவு நடந்து, காங்கிரஸின் தாரகை கத்பர்ட் வென்றார்.